இருபத்தாறு பாதங்கள்

செவ்வாய்க்கிழமை என்றால் பாதங்கள்.
கிழக்குப் பக்கத்துச் சர்க்கரைக்காரர்கள் பதினான்கு பேர்,
எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு பாதங்கள்.
மீதி இரண்டின் கணக்கை
இந்த இல்லத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வூச் நகரத்தில் பனி சேறாகிவிட்ட மார்ச் மாதம்.
ஏழாம் அறையில் போகுமிவா கச்சோரெக்,
முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர்.
வேகத்துக்குக் கை, மணிக்கு வலது கால்.
குறுக்கே வந்த நாயை, குடிகாரனை,
ஒருமுறை ஒரு கல்யாண ஊர்வலத்தையே
ஒரே மிதியில் விலக்கிய பாதம்
இப்போது என் மடியில், துவாலைமேல்,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"கண்ணை மூடுங்கள். தொட்டால் சொல்லுங்கள்."
ஒரு நைலான் இழை. பத்து கிராம் எடைக்கே வளைந்துவிடும்,
அதற்குமேல் அழுத்தத் தெரியாத நல்ல சுபாவம்.
பெருவிரல். "தெரிகிறது."
விரல்களின் அடிமேடு. "தெரிகிறது."
சுண்டுவிரலுக்குக் கீழே. "தெரிகிறது, பெண்ணே, அடுத்தது."
போன மாதமும் இதையேதான் எழுதினேன்.
ஓரத்தில் சின்னதாய் ஒரு நட்சத்திரம்கூட வரைந்தேன்.

இன்று என்னவோ தோன்றிக்
குனிந்தவள் தொடாமல் நிறுத்தினேன்.
"தெரிகிறது."

என் நாற்காலி குனியும்போதெல்லாம் கிரீச்சிடுமாம்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"தெரியவில்லை என்றால் எழுதிக்கொள்வாய்.
எழுதியதை யாரோ படிப்பார்கள்.
படித்தவர்கள் முதலில் விரலை, பிறகு..."
முழங்காலுக்குக் கீழே கையை ஒருமுறை வீசி
வாக்கியத்தை அங்கேயே வெட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது.
அவர்மேல் இல்லை. அந்த நட்சத்திரத்தின்மேல்.

கம்பளிச் செருப்பைத் தலைகீழாய்க் கவிழ்த்தேன்.
அவரைக் கொட்டை அளவில் ஏதோ தரையில் விழுந்து
கீச்சென்றது.
லியோகாதியாவின் காது!

ஞாயிறிலிருந்து தேடுகிறோம்.
மெத்தையைப் புரட்டினோம், குப்பையைக் கொட்டிப் பார்த்தோம்,
சமையற்காரர் கஞ்சி அண்டாவைத் துழாவினார்.
அடுத்த கட்டிலில் லியோகாதியா
எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு
எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்க,
அவரது செவிக்கருவி இன்னொருத்தியின் விரலடியில்
கழிவறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும்
இரண்டு நாளாய் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"எலி என்று நினைத்தேன்," என்றார் போகுமிவா.
"சத்தம் கேட்டது. நான் நடந்தால் அதுவும் நடந்தது."

பாதத்துக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்தேன்.
இரண்டாம் விரல் நுனியில் சிவப்பாய் ஒரு குழி.
தோல் கிழியவில்லை. இன்னும் கிழியவில்லை.
பின்வாசலில் ஏறுகிறவர்களை
ஓட்டுநரின் கண்ணாடியில் எண்ணுவதுபோல
நெடுநேரம் பார்த்தார்.
"இது என் கால்தானா?"

வெதுவெதுத்த தண்ணீர். அதை என் விரல் சொல்லி நம்பவில்லை,
வெப்பமானி சொன்ன பிறகே ஊற்றினேன்.
விரலிடுக்குகளில் ஈரத்தை ஒற்றியெடுத்தேன், தேய்க்கவில்லை.
களிம்பு குதிகாலுக்கு; இடுக்குக்கு வேண்டாம்.
சிவப்பைப் பற்றி மருத்துவருக்கு ஒரு வரி,
போன மாதம் நான் எழுதியது தவறு என்று இன்னொரு வரி.
இரண்டாவதற்கு அதிக நேரம் பிடித்தது.

பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டுத்
தரையில் மண்டியிட்டு மறுபடி இழையை எடுத்தேன்.
"தெரியவில்லை."
"தெரியவில்லை."
எங்கோ குழாய் சொட்டுகிறது.
"தெரியவில்லை."
இடது உள்வளைவில் வைத்தபோது புருவம் அசைந்தது.
"அங்கே... அங்கே யாரோ இருக்கிறார்கள்."

படிவத்தில் அந்த ஒரு வட்டத்தை நிரப்பினேன்.

அணியும் முன் செருப்பை உதறச் சொல்லியிருக்கிறேன்.
உதறுவதில்லை அவர். கட்டில் கம்பியில் அடிக்கிறார்,
விடிகாலை ஆறு மணிக்கு, இரண்டு முறை, பலமாக.
தாழ்வாரம் முழுக்க முணுமுணுக்கிறது.
லியோகாதியா மட்டும் போர்வைக்குள்ளிருந்தே
காலை மடக்கி வழிவிடுகிறார்.